வருகை நேரமும் ஓட்டத்தின் அளவும்: மூளை இரத்த ஓட்டத்தை எம்.ஆர்.ஐ. கணக்கிடும் முறை குறித்து

மூளைத் திசு 100 கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது என்பது உடலியல் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட கணக்கு. இந்த அளவு 20-க்கு அருகில் இறங்கினால் நரம்பணுக்களின் மின்செயல்பாடு அடங்கிப்போகிறது. 10-ஐ நெருங்கினால் அயனிச் சமநிலையே குலைந்து செல்கள் மடியத் தொடங்குகின்றன. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே தவிக்கும் திசுவை மீட்பதுதான் பக்கவாத மருத்துவத்தின் முதல் வேலை. எனவே 50 என்பதற்கும் 16 என்பதற்கும் உள்ள வேறுபாடு படத்தின் நிற வேறுபாட்டோடு முடிந்துவிடுவதில்லை; சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடியது. இந்த எண்ணை, மருந்து ஏற்றாமலும் கதிரியக்கம் இல்லாமலும், சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இன்று தருகிறது. அப்படித் தரப்படும் எண்ணோடு, இரத்தம் அந்த இடத்துக்கு எவ்வளவு நேரத்தில் வந்து சேர்ந்தது என்ற இன்னொரு எண்ணும் தரப்படாதவரை, அதை அளவீடு என ஏற்க இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உயிருள்ள மனிதரின் மூளை இரத்த ஓட்டத்தை அளக்க நம்பகமான முறையை வகுத்தவர்கள் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும். 1940-களில் அவர்கள் நைட்ரஸ் ஆக்சைடைச் சிறு அளவில் சுவாசிக்கச் செய்து, தமனியிலும் கழுத்துச் சிரையிலும் இரத்தம் எடுத்து, இரண்டிலும் அவ்வாயுவின் செறிவு எவ்வாறு வேறுபடுகிறது என்பதிலிருந்து ஓட்டத்தைக் கணித்தார்கள். மூளை முழுவதற்கும் ஒரே சராசரிதான் அதில் கிடைத்தது. பின்னர், ஆக்சிஜன்-15 அடங்கிய நீரைக் கொண்டு எடுக்கும் பெட் ஸ்கேன் பகுதிவாரியான அளவைத் தந்தது; ஆனால் அந்த ஐசோடோப்பின் அரை ஆயுள் வெறும் 2 நிமிடம் என்பதால் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். 1990-இல் செய்ஜி ஒகாவா வெளிப்படுத்திய ‘போல்டு’ விளைவு மூளைச் செயல்பாட்டு ஆய்வையே புரட்டிப்போட்டது. ஆனாலும் அந்தச் சமிக்ஞையில் இரத்த ஓட்டம், இரத்தக் கனவளவு, ஆக்சிஜன் செலவு ஆகிய மூன்றும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. மில்லிலிட்டர் கணக்கில் அது எதையும் சொல்லாது. இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே தமனி இரத்தத்தில் காந்தக் குறியிடும் முறை. ஜான் டெட்ரே, டொனால்ட் வில்லியம்ஸ், ஆலன் கோரெட்ஸ்கி முதலியோர் 1992-இல் எலியின் மூளையில் அதைச் செய்து காட்டினார்கள்.

முறையின் அடிப்படை எளியது. கழுத்தின் வழியே மேலேறும் இரத்தத்திலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை வானொலி அலைகளால் தலைகீழாகப் புரட்டிவிடுகிறார்கள். அப்படிக் குறியிடப்பட்ட நீர் மூளையை அடையும்வரை காத்திருந்து ஒரு படம், குறியிடாமல் ஒரு படம் என மாறி மாறி எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறார்கள். மிஞ்சுவது குறியிட்ட இரத்தம் மட்டுமே. ஆனால் அந்த மிச்சம் மொத்தச் சமிக்ஞையில் ஒரு விழுக்காட்டை ஒட்டியதுதான். ஆகவே பல இணைப் படங்களை எடுத்துச் சராசரி காண வேண்டியிருக்கிறது. குறியும் நிலைத்து நிற்பதில்லை. 3 டெஸ்லா காந்தத்தில் இரத்தத்தின் ‘டி1’ தளர்வு நேரம் சுமார் 1.65 நொடி, அவ்வளவு நேரத்தில் குறி 37 விழுக்காடாகத் தேய்ந்துவிடும். சீக்கிரம் படமெடுத்தால் இரத்தம் வந்து சேர்ந்திருக்காது. தாமதித்தால் குறி அழிந்திருக்கும். இந்த இழுபறிக்கு 2015-இல் வெளியான பன்னாட்டுக் கூட்டுப் பரிந்துரை ஒரு சமரசம் கண்டது: 1.8 நொடி குறியிட்டு, நோயாளிகளானால் 2 நொடி காத்திருந்து, ஒரே தடவை படமெடுப்பது. 2 நொடிக்குள் குறியிட்ட இரத்தம் எல்லா இடங்களுக்கும் போய்ச் சேர ஆரம்பித்துவிடும் என்பதே அந்தச் சமரசத்தைத் தாங்கி நிற்கும் அனுமானம்.

அனுமானம் பொய்த்தால் நேர்வது என்ன என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். கழுத்துத் தமனி அடைபட்ட ஒருவரின் மூளையில், சுற்றுவழியாக இரத்தம் பெறும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே உண்மையான ஓட்டம் இயல்பான 50. ஆனால் இரத்தம் வந்து சேர 2.5 நொடி ஆகிறது. படமெடுக்கும் கணத்தில், குறியிட்ட 1.8 நொடி இரத்தத்தில் 1.3 நொடிக்குரியது மட்டுமே திசுவை எட்டியிருக்கும். திசுவிலும் குறி இரத்தத்தில் தேய்வது போலவே தேய்கிறது என்ற வழக்கமான எளிமையாக்கத்தோடு வாய்பாட்டில் இட்டால், கருவி காட்டும் விடை 30. வருகை நேரம் 3 நொடியானால் விடை 16-ஆகச் சரிகிறது. மின்செயல்பாடு அடங்கும் எல்லையைத் தாண்டிக் கீழே போய்விட்டது அந்த எண். திசுவோ வேண்டிய இரத்தத்தைப் பெற்றுக்கொண்டு நலமாக இருக்கிறது. வாய்பாட்டில் பிழையில்லை, கருவியும் பழுதாகவில்லை. தாமதத்தைப் பற்றாக்குறையாக மொழிபெயர்க்கும் வேலையை வாய்பாடு தனக்கிட்ட விதிப்படியே செய்திருக்கிறது. மதகு திறந்த அன்றே கடைமடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அந்த வாய்க்காலில் தண்ணீரே வராது என்று எழுதிவைப்பதற்கு ஒப்பானது இது.

மூளைக்கும் கடைமடை உண்டு. முன், நடு, பின் மூளைத் தமனிகளின் பாசன எல்லைகள் ஒன்றையொன்று தொடும் விளிம்புப் பகுதிகளுக்கு இரத்தம் கடைசியாக வருகிறது. வயது ஏற ஏற அந்த வருகை இன்னும் தாமதப்படுகிறது. மறதிநோய் ஆய்வுகளில் ஓட்டம் குறைந்ததாகச் சொல்லப்படும் இடங்களில் உச்சிமடலும் அடங்கும். எல்லை விளிம்புகளின் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது. அந்தக் குறைவு முழுவதும் மாயை என்று இங்கே வாதிடவில்லை. சர்க்கரைப் பயன்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேனும் அதே வட்டாரத்தில் குறைவைக் காண்கிறது. ஆனால் ஒற்றைக் காத்திருப்பு நேரத்தோடு எடுத்த படத்தில் குறைவின் எவ்வளவு பங்கு நரம்பணுக்களுடையது, எவ்வளவு பங்கு முதிர்ந்த தமனிகளுடையது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

இதற்கு முதலில் எழும் மறுப்பு அனுபவமிக்க கதிரியக்க மருத்துவரிடமிருந்து வரும். தாமதமான இரத்தம் தமனிகளிலேயே தேங்கி, மூளையின் புறப்பரப்பில் வளைந்து நெளியும் வெண்கோடுகளாகப் படத்தில் மின்னும். அதைக் கண்டதுமே அங்கே ஓட்டத்தின் எண்ணை நம்பக்கூடாது என்பது தெரிந்துவிடும், தனியாக வருகை நேரம் எதற்கு என்று அவர் கேட்கலாம். பெருந்தமனி அடைப்பில் இது முழுக்கவும் சரி. அந்த வெண்கோடுகள் சுற்றுவழி இரத்தம் இருப்பதற்கான நல்ல அறிகுறியும்கூட. ஆயினும் அரை நொடி, முக்கால் நொடித் தாமதங்கள் அப்படிப் பளிச்சிடுவதில்லை. மேலும், நூறு பேரின் படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காணும் ஆய்வில் அந்தக் கண்ணுக்கு இடமே கிடையாது.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. பல காத்திருப்பு நேரங்களில் படமெடுத்தால், ஏற்கெனவே ஒரு விழுக்காடாக இருக்கும் சமிக்ஞையை மேலும் கூறுபோட வேண்டும். ஐந்து நிமிட ஸ்கேனில் ஒவ்வொரு நேரத்துக்கும் சில படங்களே தேறும். 2015-இன் பரிந்துரை ஒற்றை நேரத்தைத் தேர்ந்ததற்கு இந்த உறுதித்தன்மையே பெருங்காரணம். அன்றைய நிலையில் அது பொருத்தமான முடிவும்கூட. ஆனால், குறியிடும் நேரத்தையே துண்டுகளாக்கி ஹாடமார்டு அணியின் வரிசையில் சங்கேதமிட்டு, ஒரே ஸ்கேனிலிருந்து பல காத்திருப்பு நேரங்களைப் பிரித்தெடுக்கும் உத்தி இன்று கைக்கு வந்திருக்கிறது. ஒரேயடியாக 3 நொடி காத்திருந்துவிடலாமே என்பாரும் உண்டு. கூடுதலான அந்த ஒரு நொடியில், எஞ்சியிருந்த குறியில் ஏறத்தாழ பாதி போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரைச்சல் நிறைந்த விடையில் பிழையின் அளவாவது தெரியும். சீராகவும் தெளிவாகவும் தோன்றும் தவறான விடையில் அதுவும் தெரியாது.

வருகை நேரமும் மாதிரியிலிருந்து பிறந்த எண்தானே, ஓட்டத்தை நம்ப மறுப்பவர் அதை மட்டும் எப்படி நம்பலாம் என்ற கேள்வி இவற்றைவிடக் கூரியது. மாதிரியே இல்லாத அளவு எதுவும் இத்துறையில் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உரைகல்லாக மதிக்கப்படும் பெட் ஸ்கேனின் விடையும் கெட்டி வகுத்த சமன்பாட்டு மரபிலிருந்தே வருகிறது. கேட்க வேண்டியது, தரவு தன் மாதிரியை மறுத்துப் பேச இடமிருக்கிறதா என்பதே. ஒரே ஒரு புள்ளிக்கு எந்த ஓட்டத்தையும் பொருத்திவிடலாம். அந்தப் புள்ளி ஒருபோதும் ‘இல்லை’ என்று சொல்லாது. ஐந்தாறு நேரங்களில் எடுத்த புள்ளிகளோ ஏறி இறங்கும் ஒரு வளைவாக அமைய வேண்டும். அமையாவிட்டால் அந்தக் கட்டத்தின் விடையை நிராகரிக்க ஆதாரம் கிடைக்கிறது.

நேரத்தை மட்டும் ஏன் தனித்துக் குறிவைக்க வேண்டும், மற்ற அனுமானங்கள் பொய்க்காதவையா என்றும் கேட்கலாம். பொய்க்கின்றன. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு குறைந்தால் தளர்வு நேரம் நீளும். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது; ஆகவே நம் ஸ்கேன் அறைகளுக்கு இது அயலான கவலை இல்லை. சோகையால் தளர்வு நேரம் 1.85 நொடியாகியிருக்க, வாய்பாட்டில் 1.65 என்றே இட்டால் 50 என்ற ஓட்டம் 60 எனத் தோன்றும். சோகையில் மூளை இரத்த ஓட்டம் மெய்யாகவே கூடும் என்பதால், நோயின் விளைவும் கணக்கின் பிழையும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. ஆயினும் இப்பிழை மூளை முழுவதையும் ஒரே விகிதத்தில் உயர்த்துகிறது. ஒரு சொட்டு இரத்தப் பரிசோதனையால் திருத்தியும்விடலாம். குறியிடும் திறன் பற்றிய அனுமானமும் பெரும்பாலும் இந்த வகையே. வருகை நேரம் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. அதுவும் நோய் இருக்கும் இடத்திலேயே மிகுதியாக மாறுகிறது. நோயோடு ஒட்டிப்பிறந்த பிழையை நோயிலிருந்து பிரிக்க, அதையே அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மருத்துவமனை அனுபவமும் இதையே சொல்கிறது. கடோலினியம் மருந்தை ஊசிவழி ஏற்றி அது மூளையைக் கடப்பதைப் படம்பிடிக்கும் பழைய முறை, மில்லிலிட்டர் கணக்கை உறுதியாகத் தர இயலாதது. ஆனாலும் பக்கவாதச் சிகிச்சையில் பெரிய திருப்பத்துக்கு உதவியது அந்த வகைப் படிமம்தான். 2018-இல் வெளியான ‘டிஃபியூஸ் 3’ ஆய்வில், பாதிப்பு தொடங்கி 6 முதல் 16 மணிநேரமானவர்களில் யாருக்கு இரத்தக்கட்டியை அகற்றலாம் என்பதை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படிமங்களைக் கொண்டு தேர்ந்தார்கள். ஆபத்திலிருக்கும் திசுவை அடையாளம் காண வைத்த அளவுகோல், ‘டி-மேக்ஸ்’ எனப்படும் தாமதம் 6 நொடியைத் தாண்டுகிறதா என்பதே. கட்டி அகற்றப்பட்டவர்களில் 45 விழுக்காட்டினர் 90-ஆம் நாளில் பிறர் துணையின்றி வாழும் நிலையில் இருந்தார்கள். மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 17 விழுக்காட்டினர். இவ்வளவு பயன் தந்த அளவுகோலின் அலகு நொடி. மருந்தில்லா முறையிலோ அதே தாமதத்தைப் பிழை என்று பெயரிட்டு மறைக்கப் பார்க்கிறோம்.

இதிலிருந்து பெறப்படுவது, மருந்தில்லா முறையைக் கைவிட வேண்டும் என்பதன்று. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், திரும்பத் திரும்ப ஸ்கேன் தேவைப்படும் குழந்தைகளுக்கும் அதைவிடப் பொருத்தமான முறை இன்று இல்லை. ஆனால் அதன் அறிக்கை ஒற்றைப் படமாக வரக்கூடாது. ஓட்டத்தின் படத்தோடு வருகை நேரத்தின் படமும், பயன்படுத்திய காத்திருப்பு நேரங்களும், சிவப்பணு விகிதமும் ஒரே தாளில் இருக்க வேண்டும். வருகை நேரம் காத்திருப்பு நேரத்தை மீறிய கட்டங்களில் ஒற்றைப் புள்ளி வாய்பாட்டின் எண்ணை அச்சிடாமல் வெற்றாக விட வேண்டும். ஆய்விதழ்களும், ஒற்றை நேரத்தில் எடுத்த தரவைக் கொண்டு ‘ஓட்டம் குறைந்தது’ என்று எழுதும் கட்டுரைகளிடம், தாமதத்தை எப்படி விலக்கினீர்கள் என்று கேட்டு விடை பெற்ற பிறகே வெளியிட வேண்டும்.