தாளத்தின்மேல் நடக்கும் தமிழ்

புதுதில்லிக்கு வரும் தமிழர் பலர் சரோஜினி நகரைத் துணி வாங்கும் இடமாகவே அறிவர். ஏற்றுமதிக்கென்று தைக்கப்பட்டு, தையல் பிசகியதாலோ எண்ணிக்கை மிகுந்ததாலோ கப்பலேறாமல் தங்கிவிட்ட சட்டைகள் அங்கே குவியல் குவியலாகக் கிடக்கும். சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை நாம் அக்கடைவீதியில் நின்றிருந்தபோது, குவியலொன்றைக் கிளறிக்கொண்டிருந்த இளைஞனின் கைப்பேசியிலிருந்து தமிழ் ஒலித்தது. பாட்டென்று சொல்வதா, பேச்சென்று சொல்வதா என்று விளங்கவில்லை. தாளத்தின்மேல் ஏறி நடந்த பேச்சு அது. "இது என்ன, தம்பி?" என்று கேட்டோம். "ராப், அங்கிள். நம்ம ஊர் ராப்" என்றான். அவன் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன்; தமிழ் பேசுவான், எழுதப் படிக்க அறியான். 'நம்ம ஊர்' என்று அவன் குறித்தது எந்த ஊரை என்ற கேள்வி வீடு திரும்பும் வரையில் நம்மோடு வந்தது.

இக்கலை பிறந்த கதையிலும் துணிக்கு ஓர் இடமுண்டு. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண்ணுள்ள அடுக்குமாளிகையில், 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள் சிண்டி காம்ப்பெல் என்னும் பெண் ஒரு விருந்து நடத்தினாள். பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் சேர்ப்பதே நோக்கம். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டுகளை இயக்கியவர் அவளுடைய அண்ணன் கிளைவ்; கூல் ஹெர்க் என்ற பெயரால் பின்னர் உலகறிந்தவர். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பம் அது. பாடகர் ஓய்ந்து முரசும் தாளமும் மட்டும் ஒலிக்கும் சிறு இடைவெளியில்தான் ஆடுவோர் உற்சாகம் கொள்ளுகிறார்கள் என்பதை ஹெர்க் கண்டுகொண்டார். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை இரு சுழல்மேடைகளில் வைத்து, அந்த இடைவெளியை மாற்றி மாற்றி நீளச் செய்தார். நீண்ட தாளத்தின்மேல் ஒருவர் எதுகை கூட்டிப் பேசத் தொடங்கினார். அதுவே ராப், அதனோடு தட்டு இயக்கமும் நடனமும் சுவர்ச் சித்திரமும் சேர்ந்ததே ஹிப் ஹாப். பெருஞ்சாலைக்காக வீடுகள் இடிக்கப்பட்டு, எஞ்சியவற்றிற் பல தீக்கிரையாகிக்கொண்டிருந்த வட்டாரம் அக்காலத்துப் பிராங்க்ஸ் என்பதை மறத்தலாகாது.

"இதுவும் ஓர் இசையா?" என்று கேட்கும் பெரியோர் இன்றும் உளர். தமிழர் அவ்வாறு கேட்பது வியப்பே. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழில் சந்தத்தையே தேராக்கி ஓட்டினார். தஞ்சை வட்டாரத்தில் மாசி மாதக் காமன் பண்டிகையின்போது லாவணிக்காரர் இரு கட்சியாய் எதிரெதிரே அமர்ந்து, டேப்பை அடித்துக்கொண்டு, மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று விடியும்வரை வாதாடுவர். ஒருவர் விட்ட கேள்விக்கு மற்றவர் அந்த இடத்திலேயே பாட்டாகக் கட்டி விடையிறுத்தல் வேண்டும். ராப் கலைஞரின் சொற்போரைக் கண்டால் அந்த லாவணிக் களம் நம் நினைவுக்கு வராமற்போகாது. ஆயினும், 'இதெல்லாம் நம்மிடம் முன்னமே இருந்ததுதான்' என்று சொல்லி எழுந்துபோகும் பெருமையை நாம் ஏற்பதற்கில்லை. அப்பெருமை பிராங்க்ஸ் மக்களுக்குரியதை அவர்களிடமிருந்து பறிக்கிறது. நம் நாட்டில் இன்று பாடுகிறவரையும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு வழி சொல்லலாம். ஆங்கில ராப்பின் உயிர் அடியின் இறுதியில் இருக்கிறது. நம் இலக்கணம் இயைபு என்பது அதைத்தான். தமிழ்ச் செய்யுளின் உயிரோ அடியின் தலைப்பில், மோனையிலும் எதுகையிலும் நிற்கிறது. ஆங்கிலச் சொல் அழுத்தத்தால் நடக்கும்; தமிழ்ச் சொல் குறில் நெடிலின் மாத்திரையால் நடக்கும். ஆங்கில நடையைத் தமிழின்மேல் அப்படியே ஏற்றினால் நெடில் குறுகும், ஒற்று விழும், சொல் நொண்டும். தொடக்ககாலத்துத் தமிழ் ராப் சிலவற்றில் இக்குறையைக் கேட்கிறோம். தேர்ந்தவர் இரண்டையும் மணக்கச் செய்வர்: தலைப்பில் எதுகை, இறுதியில் இயைபு, நடுவே தெருவில் வழங்கும் பேச்சு.

தமிழ்நாட்டுப் பொதுமக்கள் செவிக்கு இவ்வோசையைக் கொண்டுசேர்த்ததில் 1994இல் வெளிவந்த 'காதலன்' படத்துக்கு முக்கிய பங்குண்டு. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த 'பேட்டை ராப்' என்ற பாட்டில் சுரேஷ் பீட்டர்ஸின் குரலோடு தேனி குஞ்சரம்மாளின் நாட்டுப்புறக் குரலும் இணைந்தது. பெயரிலேயே பேட்டை இருந்தும், பலர் அதனை வேடிக்கைப் பாட்டாகவே கேட்டு மகிழ்ந்தனர். நாமும் அவ்வாறே கேட்டோம்.

சினிமாவின் துணையின்றி இக்கலையைத் தமிழில் தழைக்கச் செய்தவர்கள் கடல் கடந்த தமிழர்கள் என்பது கருதத்தக்கது. மலேசியாவில் 'பொயெடிக் அம்மோ' என்ற குழு 1990களின் பிற்பகுதியில் ஆங்கிலம், மலாய், தமிழ் எனப் பல மொழிகளிலும் ராப் பாடியது. அக்குழுவைச் சேர்ந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் கூடி 'நட்சத்திரா' என்ற பெயரில் 2006இல் 'வல்லவன்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். 'நிழல்கள்' படத்துக்காக 1980இல் இளையராஜா அமைத்த 'மடை திறந்து' பாட்டை அவர்கள் எடுத்தாண்ட விதம் தமிழ்நாட்டு இளைஞரை வசப்படுத்தியது. கோயம்புத்தூர் ஆதியும் ஜீவாவும் சேர்ந்த 'ஹிப்ஹாப் தமிழா' 2012இல் தன் தொகுப்பை வெளியிட்டபோது கேட்பதற்கு ஒரு கூட்டம் காத்திருந்தது. லண்டனில் பிறந்து இலங்கையில் சிறுவயதைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், 2007இல் வந்த தம் 'காலா' தொகுப்பில் சென்னை உருமி மேளத்தை உலகச் சந்தைக்கு ஏற்றினார். கனடாவில் யாழ்ப்பாணத்துப் பிறப்பினரான ஷான் வின்சென்ட் டி பால் என்பவர் யாஞ்சனின் மிருதங்கத்துக்கு ராப் சொன்னார்; கொன்னக்கோலைக் கேட்டுப் பழகிய ரசிகர் அதை ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நன்று.

இனி அந்த இளைஞன் கேட்டுக்கொண்டிருந்த பாட்டுக்கு வருவோம். அது அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி'. சந்தோஷ் நாராயணனின் தயாரிப்பில் 2021 மார்ச்சில் வெளிவந்தது. அறிவு அரக்கோணத்துக்காரர். பா. ரஞ்சித்தும் தென்மாவும் உருவாக்கி, 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதல் மேடையேற்றிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடியவர். அயோத்திதாச பண்டிதர் வழங்கிய 'சாதிபேதமற்ற' என்னும் சொல்லே அக்குழுவின் பெயருக்கு மூலம். 2019இல் 'தெருக்குரல்' என்ற தொகுப்பையும் அறிவு தந்தார். 'எஞ்சாய் எஞ்சாமி'யின் பின்னால் நிற்பவர் அவருடைய பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்பு தமிழ்நாட்டுக்கு வந்தவர். நிலத்தைத் திருத்தியவருக்கு நிலம் இல்லாமற்போன கதையை ஒப்பாரியும் கொண்டாட்டமும் கலந்து அப்பாட்டு சொல்கிறது.

தோட்டத் தமிழரின் அக்கதையில் தில்லிக்கும் ஒரு பங்குண்டு. 1964 அக்டோபர் 30ஆம் நாள் இப்புதுதில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நாடற்றவராய் நின்ற 9,75,000 தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அங்கே பிரிக்கப்பட்டது. மிஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னொரு நாளைக்கென்று தள்ளிவைக்கப்பட்டு, 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிடப்பட்டது. அக்காலத்தில் வினய் நகர் என்ற பழம்பெயரும் வழக்கிலிருந்த சரோஜினி நகரின் அரசாங்கக் குடியிருப்புகளில் தமிழ்க் குமாஸ்தாக்கள் பலர் வாழ்ந்தனர். காலையில் சைக்கிளேறித் தலைமைச் செயலகம் சென்றனர். கோப்பில் எண்ணாகப் போனவர்களில் ஒருத்தியைப் பேரன் பாட்டியென்று பெயர் சொல்லி அழைத்தான். அவ்வொப்பந்தத்தைப் பற்றி நாம் படித்த நூல்கள் செய்யாததை நான்கு நிமிடத்துச் சொச்சப் பாட்டு நமக்குச் செய்தது.

அவ்வாறு பாடியவனின் பெயருக்கே இடர் வந்ததையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகை தன் அட்டையில் தீயையும் வேறொரு பாடகரையும் வைத்தது. அறிவு அதில் இல்லை. கண்டனம் எழுந்தது, பின்னர் அவரையும் அட்டையில் இட்டனர். பாடுபட்டவர் விடுபடுவதைப் பற்றிய பாட்டுக்கே இது நேர்ந்தது.

தில்லியில் இன்று ராப்புக்குக் குறைவில்லை. திலக் நகரைச் சேர்ந்த பிரப் தீப் 2017இல் பஞ்சாபியில் தம் தெருவைப் பாடினார். 'சீதே மௌத்' இருவர் இந்தியில் சொல்லடுக்கினர். சரோஜினி நகர்த் தமிழுக்கு அப்படியொரு குரலை நாம் இன்னும் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் கவி பாடிப் புகழ்பெற்ற அம்மையாரின் பெயர் தாங்கிய நகர் இது. 2016இல் மத்திய அரசு ஏழு குடியிருப்புகளை இடித்துக் கட்ட முடிவு செய்தபோது இதுவும் அதில் சேர்ந்தது. மரங்களை வெட்டுவதை எதிர்த்து 2018இல் மக்கள் திரண்டனர். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மாடி வீடுகளின் வரிசைகள் பல பின்னர் மறைந்தன. தான் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது தகரவேலி நிற்கிறது என்று அந்த இளைஞன் சொன்னான். அப்பா ஓய்வு பெற்றதும் அவர்கள் துவாரகைக்குப் போய்விட்டார்களாம்.

பேரம் இந்தியில் நடந்தது. சட்டை இருநூறு ரூபாய்க்குப் படிந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டை முதலிலிருந்து மறுபடியும் வைத்தான்.