தண்டவாளம் சரி, தெரு எங்கே?



பாடசாலைக் கண்காட்சிக்காக எங்கள் பிள்ளைகள் ஒரு ரயில் மாதிரி செய்தார்கள். ரிஜிபோம் பலகையில் தண்டவாளம், நிலையம், பக்கத்தில் ஒரு தெரு. பார்க்க வந்த ஒரு பெரியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இது எந்த ஊர் வாப்பா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. தண்டவாளம் அளவெடுத்துச் செய்தது. தெருவோ கறுப்புக் கடதாசியில் வெள்ளைக் கோடு போட்டது, எந்த ஊருக்கும் சொந்தமில்லாதது.

இந்தத் தவறுக்கு நூறு வருட வரலாறு உண்டு. 1891இல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் லைப்சிக் சந்தையில் தண்டவாளத்தோடு கூடிய பொம்மை ரயிலை வைத்தபோது, ரயில் மட்டுமே கதாநாயகன். தெருவைப் பற்றி எவரும் யோசிக்கவில்லை. 1930களின் கடைசியில் இங்கிலாந்தில் ஜோன் அஹெர்ன் என்பவர்தான் ரயிலோடு தெரு, கடை, வீடு எல்லாம் சேர்ந்த முழு ஊரையே செய்து காட்டினார். 1925இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ரோய் இங்கிலாந்து என்பவர் இன்னும் ஒரு படி போனார். தான் நேசித்த கிராமங்கள் கண்முன்னே மாறிப்போவதைப் பார்த்து, வீடு வீடாக அளந்து 76இல் ஒரு பங்காகச் செய்யத் தொடங்கினார். 1954இல் அவர் தொடங்கிய பெண்டன் அருங்காட்சியகம் இன்றும் இருக்கிறது. அழியப்போகும் ஊரைக் காப்பாற்ற அவருக்குக் கிடைத்த வழி அது.

நம் பக்கம் வருவோம். கொழும்பிலிருந்து வந்த ரயில்பாதை 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் தொட்டது. நம் கற்பிட்டித் தீபகற்பத்துக்குள் அது வரவில்லை. களப்பும் தோணியும்தான் நமக்குப் பெருந்தெரு. பிறகு மணல் பாதை, கிரவல், தார் என்று மாறியது. இன்றும் மாம்புரியில் தாருக்கு ஓரம் என்று ஒன்றில்லை. கடல் மணல் ஏறி வந்து அதைத் தின்கிறது. பிள்ளைகள் பாடசாலைக்கு நடப்பது அந்த மணலில்தான். நடைபாதை என்பது நமக்குப் புத்தகச் சொல்.

ஆகவே பிள்ளைகளை ஒரு அடிமட்டத்தோடு வெளியே அனுப்பினோம். கண்டுபிடித்தவை இவை:

6 மீற்றர் வீதி நம் அளவில் 8 சென்ரிமீற்றர்தான். நம் நாட்டு அகலப்பாதை 1676 மில்லிமீற்றர், மாதிரியில் 22 மில்லிமீற்றர். வீதி தட்டையாக இராது. மழைநீர் வடிய நடு சற்று உயர்ந்திருக்கும், ஆகவே அட்டையின் நடுவில் அடியில் ஒரு மெல்லிய ஈர்க்கு வைத்தோம். தார் கறுப்பு அல்ல, சாம்பல் நிறம். புதிதாக ஒட்டுப்போட்ட இடம் மட்டும்தான் கறுப்பு. தச்சர் மரம் தேய்க்கும் மண் கடதாசியை ஒட்டி, சாம்பலில் கொஞ்சம் மண்ணிறம் கலந்து பூசினோம். ஓரத்தை நேராக வெட்டாமல் பிய்த்தோம். கடற்கரை மணலைக் கழுவி, காயவைத்து, தேநீர் வடியில் சலித்து, பசைமேல் தூவினோம்.

நகரத்து நடைபாதை வேறு கதை. நம் நாட்டில் பல இடங்களில் அது வடிகானை மூடிய கொங்கிறீட் பலகைதான். 2 மில்லிமீற்றர் அட்டையில் 8 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு ஊசியால் கீறினால் போதும். ஒரு பலகையை உடைத்தே வைக்க வேண்டும். உடையாத நடைபாதையை எவர் நம்புவார்?

இதற்கிடையில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், நான் மன்னார்த் தெருவைச் செய்யட்டா?" 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இங்கு வந்த குடும்பம் அவளுடையது. அவள் அந்தத் தெருவில் வாழ்ந்ததில்லை. 1914இல் தலைமன்னாருக்குப் போன பாதை யுத்தத்தில் அழிந்து, 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. தண்டவாளத்துக்கு வரைபடம் இருந்தது, திரும்பப் போட்டார்கள். அவளுடைய தெருவுக்கு வரைபடம் உம்மும்மாவின் ஞாபகம் மட்டும்தான்.

உம்மும்மா சொன்னார்: ரெண்டு மாட்டுவண்டி ஒதுங்கிப் போகலாம். கிணற்றடியில் எந்நேரமும் ஈரம். கழுதைகள் நடுத்தெருவில் படுத்திருக்கும், விரட்டினாலும் எழும்பாது. பேத்தி அதை அளவாக மாற்றினாள். களிமண்ணில் மூன்று கழுதைகளும் செய்தாள். முடித்துக் காட்டியபோது உம்மும்மா விரலால் ஓரத்தைத் தொட்டு, "இங்கின ஒரு வேம்பு நிண்டது" என்றார். அடுத்த நாள் வேம்பும் வந்துவிட்டது.

உறவுகளே, உங்கள் வீட்டிலும் ஒரு தெருவைத் தெரிந்த மூத்தவர் இருப்பார். அது மன்னாராக இருக்கலாம், தார் வருமுன் இருந்த மாம்புரியாகவும் இருக்கலாம். அகலம் எவ்வளவு, ஓரத்தில் என்ன நின்றது, மழை பெய்தால் நீர் எந்தப் பக்கம் ஓடியது என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். பழைய படம் இருந்தால் தாருங்கள், பிரதி எடுத்துத் திருப்பித் தருவோம். அட்டையும் மணலும் எங்களிடம் இருக்கிறது.