கேஷ்: ஓர் எழுத்துக்கூட்டல், இரண்டு சொற்கள்

‘கேஷ்’ என்பது கையில் உள்ள நாணயத்தையும் பணத்தாளையும் குறிக்கும் ஆங்கிலச் சொல். கடன் சொல்லாமல் அப்போதே முழுத்தொகையையும் கொடுப்பதையும் இச்சொல் குறிக்கும். இவ்விரு பொருளுக்கும் தமிழில் மிக நெருங்கிய சொல் ‘ரொக்கம்’. ‘பணம்’ என்பது இதைவிட விரிந்தது. வரவேண்டிய பாக்கி, வங்கி இருப்பு, சொத்தின் மதிப்பு எல்லாம் பணத்தில் அடங்கும். ஒருவரிடம் நிறையப் பணம் இருக்கலாம், பையில் ரொக்கம் இல்லாமலும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ‘மணி’, ‘கேஷ்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ‘சேஞ்ச்’ என்பது சில்லறை. ‘கரன்சி’ என்பது ஒரு நாட்டில் செல்லுபடியாகும் செலாவணி.

பொருள் அளவில் இதில் சிக்கல் இல்லை. சிக்கல் பிறப்பில்தான் இருக்கிறது. ‘கேஷ்’ என்பது நம் ‘காசு’விலிருந்து பிறந்தது என்று மேடையிலும் மாணவர் கட்டுரைகளிலும் உறுதியாகச் சொல்லப்படுகிறது. ஒலியும் ஒக்கிறது, பொருளும் ஒக்கிறது. வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அது பாதி உண்மை. ஆங்கில அகராதிகளைப் புரட்டினால் ஒரே எழுத்துக்கூட்டலும் ஒரே ஒலிப்பும் கொண்ட இரண்டு ‘கேஷ்’ தனித்தனிப் பதிவுகளாக இருப்பதைக் காணலாம். இன்று கடையில் வழங்கும் ‘கேஷ்’ தமிழிலிருந்து போனதன்று. தமிழிலிருந்து போன ‘கேஷ்’ வேறு. அதன் கதை பெரும்பாலோருக்குத் தெரியாது.

பெட்டியிலிருந்து பணம்

முதல் ‘கேஷ்’ இலத்தீன் ‘காப்சா’ என்பதன் வழிவந்தது. காப்சா என்றால் பெட்டி. உரோமர்கள் ஏட்டுச்சுருள்களை வைக்கும் உருளை வடிவப் பெட்டிக்கு இப்பெயர் இருந்தது. இதிலிருந்து இத்தாலிய மொழியில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கேஸ்’, போர்த்துக்கேய மொழியில் ‘கைஷா’ ஆகிய சொற்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் அடிப்படைப் பொருள் பெட்டியே. வணிகர்களிடம் அது பணப்பெட்டி ஆயிற்று. 1494இல் வெனிசில் அச்சான லூக்கா பாச்சோலியின் கணித நூலில் இரட்டைப்பதிவுக் கணக்குமுறை விளக்கப்படுகிறது. அதில் ரொக்கக் கணக்கின் பெயர் ‘காஸ்ஸா’தான். இத்தாலிய வணிகர்களின் கணக்குமுறை வடக்கே பரவியபோது அதன் கலைச்சொற்களும் உடன் சென்றன.

ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் தென்படும்போது அதற்குப் பணப்பெட்டி என்ற பொருளும் உள்ளே இருக்கும் பணம் என்ற பொருளும் உண்டு. 1599 அளவில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில், பந்தயத்தில் வென்ற 8 ஷில்லிங்கைக் கேட்டு ஒருவன் சண்டை பிடிக்கிறான். கடன்பட்டவன் அதற்கு ஈடாக ஒரு பொன் நாணயத்தை ரொக்கமாகத் தருவதாகச் சொல்லும் இடத்தில் ‘கேஷ்’ வருகிறது. நாளடைவில் பெட்டி என்ற பொருள் ஆங்கிலத்தில் மறைந்து பணம் மட்டும் நிலைத்தது. ஐரோப்பாவின் பிற மொழிகள் அப்படி விட்டுவிடவில்லை. இத்தாலியக் கடையில் பணம் கட்டும் இடத்தின் மேல் இன்றும் ‘காஸ்ஸா’ என்றுதான் எழுதியிருக்கும், ஜெர்மனியில் ‘காஸ்ஸெ’. ஆங்கிலேயர் மட்டும் பழைய பொருளை மறந்துவிட்டுப் பிறகு ‘கேஷ் பாக்ஸ்’ என்று ஒரு தொடரை உண்டாக்கினார்கள். வேர்ப்பொருளைப் பார்த்தால் அது ‘பெட்டிப் பெட்டி’.

பெட்டியின் பெயர் எப்படிப் பணத்தின் பெயராகும் என்ற ஐயம் எழலாம். தமிழ்க் கடைத்தெருவிலேயே அதற்குச் சான்று உண்டு. ‘கல்லா’ என்பது கடைக்காரர் பணம் போடும் பெட்டி. ‘இந்தப் படம் நன்றாகக் கல்லா கட்டியது’ என்று இன்று சொல்லும்போது யாரும் பெட்டியை நினைப்பதில்லை. வசூலான பணத்தையே நினைக்கிறோம். ஆங்கிலத்தில் அன்று நடந்ததும் இதே வகை மாற்றம்தான்.

‘கேஷியர்’, ‘கேஸ்’, ‘கேசட்’, ‘கேப்சூல்’ ஆகியவை எல்லாம் காப்சா குடும்பத்துச் சொற்கள். ஆனால் ஒரு படை அதிகாரியை அவமதித்துப் பதவியிலிருந்து நீக்குவதைக் குறிக்கும் ‘கேஷியர்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு இவற்றோடு உறவில்லை. ஒலி ஒற்றுமையை நம்பினால் இங்கும் ஏமாந்து போவோம்.

காசு கடல் கடந்த கதை

‘காசு’ தமிழில் மிகப் பழைய சொல். பழந்தமிழ் இலக்கியத்தில் மேகலையில் கோத்த மணிகளுக்கு இப்பெயர் உண்டு. பொன், நாணயம், மணியிலுள்ள குற்றம் எனவும் இதற்குப் பொருள் உண்டு. வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு சொல்லுமளவு அது எளிய சொல்லாக இருந்தது. வடமொழியில் ஓர் எடையைக் குறிக்கும் ‘கர்ஷ’ என்பதோடு இதைத் தொடர்புபடுத்துவோரும் உளர். சோழர் கல்வெட்டுகளில் காசு என்பது நாணயம், ஈழக்காசு என்று ஒரு வகையும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயில் முதலை ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்குக் கொடுத்த செய்திகள் உள்ளன. அங்கே காணப்படும் வட்டி, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு. அப்போது காசு பொன்னாக இருந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் மதிப்பு இறங்கி, செப்புச் சில்லறையின் பெயராகியது.

போர்த்துக்கேயர் 1498இல் இந்தியக் கரைக்கு வந்தபோது கேட்டது இந்தச் சில்லறைக் காசைத்தான். அதை அவர்கள் ‘கைஷா’ என்று எழுதினார்கள். பெட்டிக்கு அவர்கள் மொழியில் இருந்த சொல்லும் ‘கைஷா’வே. அயல்மொழிச் சொல்லைத் தமக்குப் பழகிய சொல்லின் உருவில் வார்த்துக்கொள்வது எல்லா மொழியினருக்கும் இயல்பு. இப்படியாக இலத்தீன் பெட்டியும் தமிழ்க் காசும் போர்த்துக்கேயர் நாவில் ஒரே உருவம் பெற்றன. குழப்பத்தின் தொடக்கம் இங்கேதான்.

1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கேயர் அச்சொல்லையும் கிழக்கே கொண்டு சென்றனர். மலாக்கா, சாவகம், சீனம் என்று எங்கெல்லாம் மலிவான சிறு நாணயம் கண்டார்களோ அங்கெல்லாம் அதைக் ‘கைஷா’ என்றனர். டச்சுப் பயணி லின்ஸ்கோட்டனின் நூல் 1598இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டபோது சாவகத்துச் செப்பு நாணயம் இப்பெயராலேயே வருணிக்கப்பட்டது. இரண்டு சொற்களும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் ஆங்கிலத்துள் நுழைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். எனவே ஆண்டை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க இயலாது. பிரித்துக் காட்டுவது தொடக்கப் பொருள்: ஒன்று இலண்டன் வணிகனின் பணப்பெட்டி, மற்றொன்று கீழைக் கடற்கரையின் செப்புக்காசு.

சதுரத் துளையிட்டுக் கயிற்றில் கோக்கும் சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் இன்றளவும் ‘கேஷ்’ என்றே பெயர். சீனர் அதை ‘வென்’ என்றும் ‘சியென்’ என்றும் சொல்வர். சீன நாணயத்துக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர், போர்த்துக்கேயர் வழியாகப் போன தமிழ்ச் சொல். இதைவிடப் பெருமை வேறு வேண்டுமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தவறான ‘கேஷ்’ஷைப் பிடித்துக்கொண்டு மெய்யான ‘கேஷ்’ஷை விட்டுவிடுகிறோம்.

சென்னையின் கணக்கேடுகளில்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் சென்னையில் காலூன்றியது. அதன் கணக்குகள் வராகன், பணம், காசு என்ற மூன்று அடுக்கில் நடந்தன. ஆங்கில ஏடுகளில் இவை ‘பகோடா’, ‘ஃபனம்’, ‘கேஷ்’. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. பழைய ஆவணங்களைப் படிக்கும் மாணவர் இங்கே விழிப்பாக இருக்க வேண்டும். ‘கேஷ்’ என்று கண்டவுடன் ரொக்கம் என்று கொள்ளக் கூடாது; வராகனையும் பணத்தையும் அடுத்து வரும் எண்ணோடு இருந்தால் அது காசு.

கம்பெனிக்காக இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே சோஹோ பட்டறையில் 10 கேஷ், 20 கேஷ் செப்பு நாணயங்கள் அடிக்கப்பட்டன. 1808ஆம் ஆண்டு பொறித்த அந்தப் 10 கேஷ் நாணயத்தின் ஒரு புறத்தில், ‘பத்துக் காஸ் இரண்டு ஃபலூஸ் ஆகும்’ என்று பொருள்படும் பாரசீக வாசகம் உள்ளது. ஒரே நாணயத்தில் தமிழ்ச் சொல் ஆங்கில உருவில் ஒருமுறையும் பாரசீக உருவில் ஒருமுறையும் நிற்கிறது. இவற்றை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் கடலடியிலிருந்து லட்சக்கணக்கான காசுகளை எடுத்தார்கள். நாணயம் சேகரிப்போரிடம் அவை இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன.

1818இல் சென்னை மாகாணத்தில் ரூபாய் கணக்கு வந்ததும் ‘கேஷ்’ ஏடுகளிலிருந்து மறையத் தொடங்கியது. அதன் பின் பிறந்த ஆங்கிலேயருக்கு ‘கேஷ்’ என்றால் ஒன்றே. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஆனாலும் குழப்பம் ஓயவில்லை.

சமஸ்தானங்களில் காசு இன்னும் நெடுநாள் வாழ்ந்தது. புதுக்கோட்டையில் பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு 20ஆம் நூற்றாண்டிலும் வழங்கியது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கு இந்திய விடுதலைக் காலம் வரை நீடித்தது. இலங்கைத் தமிழர் பேச்சில் ‘காசு’ இன்றும் பணத்துக்கெல்லாம் பொதுப்பெயர். சிங்களத்தில் நாணயத்துக்குக் ‘காசி’ என்று பெயர். காசு கொடுக்காமல் கொடுக்கும் தாளுக்கு நாம் ‘காசோலை’ என்று பெயர் வைத்திருப்பது வேறு கதை. இந்த வழியில் சொற்கள் திரும்பியும் வந்திருக்கின்றன. ‘துட்டு’ அசல் தமிழ் என்று நினைப்பவர் பலர். அது டச்சுக்காரர் வழங்கிய ‘டொய்ட்’ என்னும் செப்புக்காசின் பெயர்.