நெடுந்தீவுப் பெருக்கமரத்தைத் தேடி

உலகின் பெரிய மரங்களைக் காணக் கலிபோர்னியாவின் செக்குவோயாக் காடுகளுக்குப் போகிறார்கள். அங்குள்ள ‘ஜெனரல் ஷெர்மன்’ 83 மீற்றருக்கும் அதிக உயரமானது. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைமுகத்தில் படகேறினால் போதும். ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவு வந்துவிடும். அங்கே நிற்கும் பெருக்கமரத்தை அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை, சுற்றி நடந்துதான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலானோர் ஓட்டோவிலோ உழவு இயந்திரத்திலோ போய்ப் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். முருகைக்கல் மதில்களையும் பனைகளையும் மேயும் குதிரைகளையும் பார்த்தபடி நடப்பதே நல்லது. ஆனால் வழியில் நிழல் குறைவு. தண்ணீர் கொண்டுபோங்கள், திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவையுங்கள்.

பெருக்கமரத்தின் தாயகம் ஆபிரிக்கா. அராபிய வணிகர்கள் கொண்டுவந்ததாகவே இங்கு சொல்லப்படுகிறது. மன்னார் பள்ளிமுனையில் உள்ள புகழ்பெற்ற மரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 19 மீற்றர். அதை 1477 இல் நட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. இத்தகைய ஆண்டுகளைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். செக்குவோயாவின் வளையங்களை எண்ணி 3,000 ஆண்டுகளுக்கு மேல் வயது சொல்லலாம். பெருக்கமரத்தில் வளையங்கள் மங்கலானவை, முதிர்ந்த மரங்களில் நடுப்பகுதியே இருப்பதில்லை. கதிரியக்கக் கார்பன் சோதனைதான் நம்பகமான வழி.

நெடுந்தீவு மரத்தின் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம். பெருக்கமரப் பொந்துகள் எல்லாம் உக்கி உண்டானவை அல்ல. பல தண்டுகள் வட்டமாக வளர்ந்து ஒன்றாகிவிட, இடையில் மிஞ்சும் வெளியும் பொந்தாகிறது. அப்படிப்பட்டதில் உட்சுவரிலும் பட்டை இருக்கும். உள்ளே போனால் அதைப் பாருங்கள். பெயர் செதுக்குவது மட்டும் வேண்டாம். உரித்த பட்டையை மீண்டும் வளர்க்கும் அபூர்வ மரம் இது என்றாலும், காயம் காயம்தான்.

ஆபிரிக்காவின் மிக முதிர்ந்த 13 பெருக்கமரங்களில் 9, 2005 இற்குப் பின் முழுதாகவோ பகுதியாகவோ பட்டுப்போயின என்று 2018 இல் வெளியான ஆய்வு கூறியது. காலநிலை மாற்றமே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் சந்தேகம்.

இங்குள்ள கவலை வேறு: அடுத்த தலைமுறை மரம் எங்கே? விதையின் ஓடு கடினமானது, எளிதில் முளைக்காது. முளைத்ததையும் கால்நடைகள் விட்டுவைப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. முதிர்ந்த மரத்தின் இலை கைவிரல்களைப்போலப் பிரிந்திருக்கும்; இளங்கன்றின் இலையோ பிரிவில்லாத தனி இலை. தெரியாதவர் களையென்று பிடுங்கிவிடலாம். மரத்தைச் சுற்றி நடக்கும்போது நிலத்தையும் ஒருமுறை பாருங்கள்.