துயருற்றோர் நாடிய நாவல்

1943ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். தெஹ்ரான் மாநாட்டில் ரூஸ்வெல்ட்டையும் ஸ்டாலினையும் சந்தித்துவிட்டுத் திரும்பும் வழியில், பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் துனீசிய மண்ணில் நோயுற்று வீழ்ந்தார். நிமோனியாக் காய்ச்சல்; இதயமும் தடுமாறியது. வயதோ 69. பண்டைய கார்த்தேஜ் நகரம் இருந்த இடத்தில் ஒரு மாளிகையில் அவர் படுத்திருந்தார். அந்நிலையில் தம் மகள் சாராவை அழைத்து, ஒரு நாவலைப் படித்துக் காட்டுமாறு கேட்டார். அவர் கேட்டது ஜேன் ஆஸ்டின் என்னும் பாதிரியார் மகள் எழுதி 1813இல் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’. தற்பெருமையும் தப்பெண்ணமும் என்று நாம் அதனைத் தமிழில் சொல்லலாம். நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் ஐந்து பெண்மக்களுக்கு மாப்பிள்ளை வாய்க்குமா என்ற கவலைதான் கதை. உலகப் போரை நடத்திக்கொண்டிருந்தவர் நோய்ப் படுக்கையில் இதையா நாடினார் என்று வியக்கத் தோன்றுகிறது.

கேட்டபோது தமக்குத் தோன்றியதைச் சர்ச்சில் பிற்காலத்தில் தம் போர் வரலாற்று நூலில் குறித்திருக்கிறார். அம்மக்கள் எவ்வளவு அமைதியாக வாழ்ந்தார்கள், பிரெஞ்சுப் புரட்சியும் நெப்போலியன் போர்களும் அவர்கள் கவலையில் இடம்பெறவே இல்லையே என்பது அவர் கருத்து.

இதனைப் படிக்கையில் நம் நெஞ்சில் ஒரு கசப்பு எழுவதைத் தடுக்க இயலவில்லை. அதே 1943இல் வங்காளம் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தது. இறந்தோர் தொகை ஏறத்தாழ 30 இலட்சம் என மதிப்பிடுவோர் உண்டு. தானியக் கப்பல்கள் வேண்டும் என்று டில்லியிலிருந்து சென்ற வேண்டுகோள்களைச் சர்ச்சிலின் போர் அமைச்சரவை கேட்ட அளவில் ஏற்கவில்லை. ஐந்து பெண்களின் கவலையில் ஆறுதல் கண்ட மனம், வங்கத்துத் தாய்மாரின் கவலைக்கு ஏன் இளகவில்லை? நல்ல நூல் தன்னை நாடி வந்தவருக்கு ஆறுதல் தருகிறது; அவர் உள்ளத்தை மாற்றியே தீரும் என்பதற்கு உறுதியில்லை.

அது நிற்க. சர்ச்சிலின் கணிப்பாவது சரிதானா? ஆஸ்டினின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் அமைதி எதுவும் தென்படவில்லை. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரி எலிசாவின் கணவர் பிரெஞ்சுக்காரர். 1794இல் கில்லட்டினில் தலை துண்டிக்கப்பட்டவர். விதவையான எலிசா, பின்னர் ஆஸ்டினின் அண்ணன் ஹென்றியை மணந்து அக்குடும்பத்திலேயே வாழ்ந்தார். ஹென்றியும் சில ஆண்டுகள் உள்நாட்டுக் காவற்படையில் பணியாற்றியவரே. சகோதரர் இருவர் கடற்படையில் இருந்தனர். மூத்தவர் பிரான்சிஸ் நெல்சனின் கீழ்ப் பணியாற்றியவர்; குடிநீரும் உணவுப் பொருளும் ஏற்றிவர அவர் கப்பல் ஜிப்ரால்டருக்கு அனுப்பப்பட்டதால் 1805ஆம் ஆண்டு டிரபால்கர் போர் அவருக்குத் தவறிற்று. இளையவர் சார்லஸ் நெடுங்காலம் வாழ்ந்து, கிழக்கிந்தியப் பகுதிக் கடற்படையின் தலைவராக வந்து, 1852இல் பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றில் நோயால் உயிர்நீத்தார். அவர் அடக்கமாகியிருக்கும் ஊர் திருகோணமலை. தமிழ் வழங்கும் அத்துறைமுகத்திலேயே இதனை அறிந்தோர் எத்தனை பேரோ!

ஆக, போர் அவருக்குச் செவிவழிச் செய்தியன்று. கடிதம் வருமா வராதா என்று காத்திருந்த வீட்டுத் துயரம். நாவலிலும் அது இல்லாமற் போகவில்லை. ஊருக்கு அருகே வந்து தங்கும் செஞ்சட்டைப் படையினர் யாருக்கு அஞ்சி அங்கு நிறுத்தப்பட்டனர்? நெப்போலியனின் நாட்டுக்கு அஞ்சித்தான். ஆனால் ஆஸ்டின் அதனை விரித்துரைக்கவில்லை. அவர் விரித்துரைத்த அச்சம் வேறு. தந்தை கண்மூடினால் வீடும் நிலமும் ஆண்வழி உறவினன் ஒருவனுக்குப் போய்விடும். ஐந்து பெண்களும் தாயும் வெளியேற வேண்டும். பெண்மக்களுக்கும் பங்கு வகுத்த மார்க்கத்தைச் சார்ந்த நமக்கு இவ்வழக்கம் விந்தையாகத் தோன்றலாம். வகுத்த பங்கைக் கொடுத்தோர் எத்தனை பேர் என்று நம் ஊர்ப் பத்திரங்களைப் புரட்டினால் விந்தை சற்றுக் குறையும்.

இந்நாவல்களின் ஆறுதலை ஆழ்ந்து உணர்ந்தவர் என்று நாம் கருதுவது ருட்யார்ட் கிப்ளிங்கை. பேரரசின் பெருமை பாடிய அவரிடம் நமக்கு வழக்குகள் பல உண்டு. ஆயினும் 1915க்குப் பிந்திய கிப்ளிங் மகனை இழந்த ஒரு தந்தை. கண்பார்வை குன்றியதால் படையில் சேர்க்க மறுக்கப்பட்ட மகன் ஜானுக்குத் தம் செல்வாக்கால் இடம் வாங்கிக் கொடுத்தவரே அவர்தாம். அவ்வாண்டு செப்டம்பரில் பிரான்சின் லூஸ் போர்க்களத்தில் ஜான் காணாமற்போனான். வயது 18. கிப்ளிங் கண்மூடும் வரை உடல் அடையாளம் காணப்படவில்லை; கபுறடியில் நின்று அழுவதற்கும் அத்தந்தைக்கு வழியில்லாமற் போயிற்று. அத்துயர ஆண்டுகளில் கிப்ளிங் மனைவியும் மகளும் கேட்க, ஆஸ்டினின் நாவல்களை உரக்கப் படித்தார். மூவரும் ஒரு குரலைச் சுற்றி அமர்ந்திருந்த அந்த அறையை நாம் எண்ணிப் பார்க்கிறோம். பேசினால் மகனைப் பற்றித்தான் பேச வேண்டும். படிக்கும்போது, பேசாமலே ஒன்றாக இருக்கலாம்.

1924இல் அவர் வெளியிட்ட ‘தி ஜேனைட்ஸ்’ என்னும் சிறுகதை இதிலிருந்தே பிறந்தது எனலாம். பீரங்கிப் படையில் எடுபிடி வேலை செய்யும் எளிய மனிதன் ஒருவன், அதிகாரிகள் எப்போதும் பேசும் ‘ஜேன்’ யார் என்று அறிய அந்நாவல்களைப் பாடம் கேட்கிறான். பீரங்கிகளுக்கு நாவல் மாந்தரின் பெயர்களைச் சுண்ணக்கட்டியால் எழுதுகிறான். எதிரியின் குண்டுவீச்சில் மற்றவரெல்லாம் மாள, அவன் ஒருவனே மிஞ்சுகிறான். காயமுற்று நிற்கையில் அவன் வாயில் வந்த ஆஸ்டின் கதைமாந்தர் பெயர் ஒன்று, தலைமைத் தாதியின் மனத்தைத் தொட்டு, நிரம்பிய மருத்துவ ரயிலில் அவனுக்கு இடம் வாங்கித் தருகிறது. நெருக்கடியில் ஜேனுக்கு நிகரான துணையில்லை என்பது அவன் முடிவு. கிப்ளிங் தம் சொந்த அனுபவத்தையே அவன் வாயில் வைத்தார் என்பது நம் எண்ணம்.

ஆஸ்டின் இறுதியாக எழுதத் தொடங்கியது 1817 ஜனவரியில். உடல் நலிந்துகொண்டே வந்த நாட்கள் அவை. எழுதியதோ கடற்கரை ஊர் ஒன்றைப் பற்றியும், இல்லாத நோய்களை எண்ணி மருந்து குடிக்கும் உடன்பிறப்புகள் மூவரைப் பற்றியும் ஒரு நகைச்சுவைக் கதை. பன்னிரண்டு அத்தியாயங்களோடு அது நின்றுவிட்டது. கையெழுத்துப் படியின் இறுதியில் மார்ச் 18 என்று தேதி இருக்கிறது. சரியாக நான்கு மாதங்கள் கழித்து, ஜூலை 18இல், வின்செஸ்டர் நகரில் அவர் காலமானார். வயது 41.