'ஒர்த்' என்னும் சொல்: விலையும் மரியாதையும்

ஆங்கிலத்தில் 'வொர்த்' என்றொரு சொல் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் வாயில் அது 'ஒர்த்து' ஆகித் தமிழ்ச் சொல் போலவே மாறிவிட்டது. "படம் ஒர்த்தா?", "அறுநூறு ரூபாய்க்கு ஒர்த்தே இல்ல", "அந்த ஆளு ஒர்த் இல்லப்பா" என்று பொருளுக்கும் மனிதனுக்கும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். மேடையில் பேசும் பெரியவர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. ஆங்கிலம் வியாபாரி மொழி, அதில் கத்தரிக்காய்க்கும் மனிதனுக்கும் ஒரே தராசு, நம் மொழிகள் அப்படியல்ல என்பார்கள். கைதட்டலும் கிடைக்கும்.

நான் பள்ளிப் படிப்போடு நின்று, திண்டிவனம் பக்கத்திலிருந்து கொல்கத்தாவுக்கு வெள்ளி, பித்தளைப் பாத்திர வியாபாரத்துக்கு வந்தவன். மொழிநூல் கற்றவனல்லன். ஆனால் விலை சொல்லியே வயிறு வளர்த்தவன் என்ற முறையில் இந்தச் சொல்லின் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண். காலேஜ் தெருவில் பழைய அகராதிகளை வாங்கிச் சேர்த்துப் பார்த்த அளவில், அந்தக் கைதட்டல் கொஞ்சம் அவசரப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் ஆங்கிலக் கணக்கைப் பார்ப்போம். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928ல்தான் முடிந்தது. 'வொர்த்' இடம்பெற்றது கடைசியாக வந்த பகுதியில். வேடிக்கை என்னவென்றால் எக்ஸ், ஒய், இஸட் எழுத்துகள் அதற்கு முன்பே முடிந்துவிட்டன, டபிள்யூதான் இழுத்தடித்தது. இந்தச் சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஜெர்மன் மொழியின் 'வேர்ட்' இதற்கு உடன்பிறப்பு. அந்தப் பழைய காலத்திலேயே இதற்கு விலை என்ற பொருளும் உண்டு, கௌரவம் என்ற பொருளும் உண்டு. எது முந்தி, எது பிந்தி என்று பிரிக்க வழியில்லை. இரண்டும் ஒன்றாகவே கிடந்தன.

இதோடு 'ஷிப்' என்ற விகுதி சேர்ந்தது. நட்புக்கு 'ஃபிரண்ட்ஷிப்' என்கிறோமே, அதே விகுதிதான். 'வொர்த்ஷிப்' என்றால் மதிப்புடைமை. வாய்க்கு வாய் தேய்ந்து அது 'வொர்ஷிப்' ஆயிற்று. ஆம், கோயிலில் கடவுளுக்குச் செய்யும் வழிபாட்டைக் குறிக்கும் அதே 'வொர்ஷிப்'தான். ஆனால் பல நூற்றாண்டுகள் வரை அது கடவுளுக்கு மட்டும் உரிய சொல்லாக இருக்கவில்லை. 1380களில் விக்லிஃப் பெயரால் வந்த பைபிள் மொழிபெயர்ப்பில், யோவான் சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில், இயேசுவுக்கு ஊழியம் செய்பவனைப் பிதா 'வொர்ஷிப்' செய்வார் என்று இருக்கிறது! இன்றைய ஆங்கிலத்தில் படித்தால் கடவுள் மனிதனைக் கும்பிடுகிறார் என்று ஆகிவிடும். அன்றைய பொருள், மரியாதை செய்வார் என்பதுதான்.

1549ல் வந்த இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலிலும், மணமகன் மோதிரம் அணிவிக்கும்போது மணமகளை நோக்கி இதே சொல்லைச் சொல்ல வேண்டும். 1604ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஹாம்ப்டன் அரண்மனையில் ஒரு சமயக் கூட்டம் கூட்டினார். அதில் சீர்திருத்தக் கட்சியைச் சேர்ந்த ஜான் ரெய்னால்ட்ஸ் என்ற பண்டிதர் எழுந்து, மனைவியை 'வொர்ஷிப்' செய்வதாவது, அந்த வாசகத்தை எடுத்துவிட வேண்டும் என்று ஆட்சேபித்தார். உமக்கு ஒரு நல்ல மனைவி வாய்த்திருந்தால், அவளுக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும் என்று நினைப்பீர் என்று மன்னர் மடக்கினாராம். வாசகம் அப்படியே நின்றது. அந்தச் சண்டையே ஒரு சாட்சி: 1604 வாக்கில் சொல் பாதிக்கு மேல் கோயிலுக்குள் போய்விட்டது. பழைய பொருள் மன்னருக்குப் புரிகிறது, பண்டிதருக்கு உறுத்துகிறது.

இன்றும் இங்கிலாந்தில் மேயருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் பட்டமாக இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதைவிடப் பிடித்தது லண்டன் வியாபாரக் குழுக்களின் பெயர். பொற்கொல்லர் சங்கத்துக்கு இன்றும் 'வொர்ஷிப்ஃபுல்' என்ற அடைமொழி உண்டு. மளிகைக்காரர்களுக்கும் துணி வியாபாரிகளுக்கும் அப்படியே. 'மதிப்பிற்குரிய மளிகை வியாபாரிகள் சங்கம்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1300ல் முதலாம் எட்வர்டு காலத்துச் சட்டம், வெள்ளிச் சாமான் 'ஸ்டெர்லிங்' தரத்துக்குக் குறையக் கூடாது, சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை இட வேண்டும் என்றது. ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. 1478 முதல் சாமான்களைப் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்கே, அதாவது 'ஹாலு'க்கே, கொண்டுவந்து முத்திரை வாங்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் தங்கத்துக்கு 2000லும் வெள்ளிக்கு 2005லும் வந்த 'ஹால்மார்க்' என்ற பெயரின் பூர்வீகம் அந்த மண்டபம்தான். பிற்பாடு நேர்மையான ஆளைக்கூட 'ஸ்டெர்லிங்' குணம் உள்ளவர் என்று சொல்லும் வழக்கம் வந்தது. வெள்ளியின் தரம் மனிதனுக்கு ஏறியது.

இங்கே இடையில் ஒரு எச்சரிக்கை. வாண்ட்ஸ்வொர்த், கெனில்வொர்த் போன்ற ஊர்ப் பெயர்களில் வரும் 'வொர்த்' வேறு. அது வேலி அடைத்த இடம், அடைப்பு என்ற பொருளுடைய தனிச் சொல். ஒலி ஒத்திருக்கிறது என்று முடிச்சுப் போட்டால் நம்மூர்ச் சொல்லாராய்ச்சி மாதிரி ஆகிவிடும்.

மனிதனுக்கு நேரடியாகவே விலை வைத்த கதையும் அந்நாட்டில் உண்டு. பழைய ஆங்கிலேயச் சட்டங்களில் 'வெர்கில்ட்' என்று ஒரு முறை. 'வெர்' என்றால் ஆண்மகன். நம் 'வீரன்' என்ற வடசொல்லுக்கு உறவு. 'கில்ட்' என்றால் செலுத்தும் தொகை. ஒருவன் கொல்லப்பட்டால் கொன்றவன் தரப்பு அவன் குடும்பத்துக்குக் கட்ட வேண்டிய பணம் இது. வெஸ்ஸெக்ஸ் நாட்டில் சாதாரணக் குடியானவனுக்கு 200 ஷில்லிங், பிரபுவுக்கு 1200 ஷில்லிங். பழிக்குப் பழி என்று ஊரே அழியாமல் தடுக்க வந்த ஏற்பாடுதான், ஆனாலும் ஒரு பிரபு ஆறு குடியானவனுக்குச் சமம் என்று எழுதி வைத்தார்கள். நாம் சிரிக்கலாம். டாக்டர் மாப்பிள்ளைக்கு இவ்வளவு, பேங்க் மாப்பிள்ளைக்கு இவ்வளவு, வெளிநாடு என்றால் இவ்வளவு என்று நம் கல்யாணத் தரகர்கள் மனப்பாடமாக வைத்திருந்த பட்டியலை ஒருமுறை நினைத்துக்கொண்டு சிரிக்கலாம். 1961ல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்த பிறகும் அந்தப் பட்டியல் எரிந்துபோகவில்லை. வெர்கில்ட் செத்தவனுக்கு. நம்முடையது மணமேடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு.

'ஒர்த்' என்பதற்குக் கூசாமல் கணக்குச் சொன்னவர் தாமஸ் ஹாப்ஸ். 1651ல் எழுதிய 'லெவியத்தான்' நூலில், மனிதனின் 'வொர்த்' மற்ற எல்லாப் பொருளையும் போல அவனுடைய விலைதான் என்கிறார். அவனுடைய ஆற்றலைப் பயன்படுத்திக்கொள்ள மற்றவர்கள் எவ்வளவு தருவார்களோ அவ்வளவு. விலையை நிர்ணயிப்பவன் வாங்குகிறவனே, விற்கிறவன் இல்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். கடையில் உட்கார்ந்தவனுக்கு இது உண்மை என்று தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் மனம் வருவதில்லை. ஆனால் ஹாப்ஸ் அதே அதிகாரத்தில் 'வொர்த்தினெஸ்' என்பது வேறு, அது ஒரு காரியத்துக்கு ஒருவனுக்கு உள்ள தகுதி என்று தனியே பிரித்தும் வைத்தார். இந்தப் பாதியை மேற்கோள் காட்டுவோர் குறைவு.

நாற்பது வருஷம் கழித்து ஜான் லாக், ஒரு பொருளின் இயற்கையான 'வொர்த்' மனிதத் தேவைக்கு அது உதவுவதில் இருக்கிறது என்று எழுதினார். இதைப் பிடித்துக்கொண்டு கார்ல் மார்க்ஸ் 1867ல் 'மூலதன'த்தின் முதல் அதிகாரத்தில் ஓர் அடிக்குறிப்புப் போட்டார். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் பொருளின் பயனுக்கு 'வொர்த்' என்ற சொந்தச் சொல்லையும், சந்தையில் கிடைக்கும் மாற்றுக்கு 'வேல்யூ' என்ற லத்தீன் வழிச் சொல்லையும் பலமுறை வைத்தார்கள் என்பது அவர் கண்டது. இவ்வளவு பெரிய புத்தகத்தில் எனக்கு முழுசாகப் புரிந்தது அந்த அடிக்குறிப்பு ஒன்றுதான் என்று சொன்னாலும் தப்பில்லை! இடையில் 1776ல் ஆடம் ஸ்மித், 'வேல்யூ' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருளையும் கொடுத்து, தண்ணீரையும் வைரத்தையும் உதாரணம் காட்டினார். அதன் பிறகு புத்தகங்களில் 'வேல்யூ' ஜெயித்தது. 'வொர்த்' பேச்சில் தங்கியது.

இனி நம் பக்கம் வருவோம். சமணர்களாகிய நாங்கள் அருகன் என்று வணங்குகிறோமே, அந்தப் பெயர் 'அர்ஹ்' என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. தகுதி உடையவன், பூசைக்கு உரியவன் என்று பொருள். 'அரிகளை வென்றவன்' என்று பிற்காலத்தார் சொல்லும் விளக்கம் அழகானது. ஆனால் புவனேஸ்வரம் அருகே உதயகிரியில் காரவேலனின் ஹாத்திகும்பா கல்வெட்டில் 'அரஹந்த' என்ற வடிவம்தான் இருக்கிறது. அதே வேரிலிருந்து 'அர்க்க' என்று ஒரு சொல் பிறக்கிறது. மோனியர் வில்லியம்ஸ் அகராதியில் அதற்கு முதலில் நிற்கும் பொருள் என்ன தெரியுமா? விலை. 'அர்க்கியம்' என்றால் பூசையிலும் விருந்தோம்பலிலும் மரியாதையாக அளிப்பது. ஆங்கிலத்தில் 'வொர்த்'துக்கும் 'வொர்ஷிப்'புக்கும் உள்ள உறவு அப்படியே இங்கும் இருக்கிறது. விலையும் வழிபாடும் ஒரே வேர்.

'மகா' சேர்ந்தால் 'மகார்க்கம்', பெரிய விலை. அதுதான் தேய்ந்து இந்தியில் 'மஹங்கா' ஆனது. காய்கறிக்காரனிடம் நம் வீட்டுப் பெண்கள் தினமும் சண்டை போடும் சொல், அருகன் பெயருக்குச் சொந்தக்காரச் சொல்! அகவிலைப்படிக்கு வங்காளத்தில் 'மஹார்க பாதா' என்கிறார்கள். ஏ.ஜி. ஆபீசிலும் ரயில்வேயிலும் இருந்து ஓய்வு பெற்ற நம் சங்கத்துப் பெரியவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அதே படியின் ஆங்கிலப் பெயரில் வரும் 'டியர்' என்ற சொல்லும் விலை அதிகமானது, அன்புக்குரியது என்று இரட்டைப் பொருள் உடையது. நம் 'அருமை' கிடைப்பதற்கு அரியது, பிரியமானது என்று இருபக்கமும் நிற்பது போல.

தமிழில் 'மதி' என்றால் அளவிடு. மரியாதை கொடு என்றும் பொருள். 'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே' என்று தொடங்குகிற மதிப்பும், 2005ல் மேற்கு வங்கத்தில் வந்து 2017ல் ஜி.எஸ்.டி.யில் கரைந்த மதிப்புக் கூட்டு வரியில் உள்ள மதிப்பும் ஒன்றே. பிள்ளைகள் வாங்கிவரும் மதிப்பெண்ணும் இந்தக் குடும்பம்தான். ஆக, மேடையில் சொல்வது போல ஆங்கிலம் மட்டும் செய்த கலப்படம் அல்ல இது. எல்லாரும் ஒரே தராசில்தான் தொடங்கியிருக்கிறோம்.

ஆனால் ஒன்றில் தமிழ் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருக்கிறது. "இந்த மாடு முப்பதாயிரம் பெறும்" என்போம். சந்தையில் என்ன கிடைக்குமோ அது. ஹாப்ஸ் சொன்ன விலை அந்த ஒரு வினைச்சொல்லில் அடக்கம். மனிதனுக்குத் 'தகும்' என்று வேறு சொல் வைத்தோம். ஆங்கிலத்தில் ஒருவர் 'பத்துக் கோடி வொர்த்' என்று சொத்தைக் குறித்துச் சாதாரணமாகச் சொல்லலாம். தமிழில் ஓர் ஆளைப் 'பத்துக் கோடி பெறுவார்' என்றால் காதில் இடிக்கிறது. பத்துக் கோடிக்கு அதிபதி என்போம், ஆளையும் சொத்தையும் தள்ளி வைத்து.

'நாணயம்' இன்னும் விசேஷம். காசுக்கும் அதே பெயர், வாக்குத் தவறாமைக்கும் அதே பெயர். 'நாணயமான ஆள்' என்று நாம் சொல்வது அந்த ஸ்டெர்லிங் கதையேதான்.

1980களில் ஒரு நாள் படாபஜாரில், மொராதாபாத் பித்தளைச் சரக்கு விற்கும் ஒரு கத்தியில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்துக் கடைக்காரருக்குக் கடனில் சரக்கு கொடுக்கலாமா என்று பேச்சு. அவருக்கு வீடு எத்தனை, கடை எத்தனை சதுர அடி, மாமனார் வசதி என்ன என்று தரகர் அடுக்கிக்கொண்டே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த கிழ முனீம்ஜி, "அதெல்லாம் இருக்கட்டும், லேன்-தேன் எப்படி?" என்றார். கொடுக்கல் வாங்கல் எப்படி என்று அர்த்தம். மூன்று வருஷமாக ஒரு செக் திரும்பியதில்லை என்று தரகர் சொன்னதும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஹியைத் திறந்து நாற்பத்தைந்து நாள் தவணை எழுதினார்.