சாகா மருந்தும் வெடிமருந்தும்

செத்தவீட்டுக்குப் போனால் நாங்கள் இரண்டு கேள்வி கேட்போம். என்ன வருத்தம்? எத்தனை வயசு? இரண்டாவதுக்குப் பதில் வந்ததும் மனதுக்குள்ளே ஒரு கணக்கு ஓடும். எங்களைவிட நல்லா மூத்தவர் என்றால் கொஞ்சம் ஆறுதல். எங்கட வயசு என்றால் அன்றிரவு நித்திரை வராது. இதே கணக்கைப் போட்ட ஒருவனிடம் படையும் பணமும் இருந்தன. அதனால் அவனுடைய பயம் வரலாறாகிப் போச்சு.

கி.மு. 221 இல் சீனாவை ஒன்றாக்கிய சின் ஷி ஹுவாங்தான் அவன். எழுத்து, நிறை, அளவு எல்லாம் அவன் சொன்னபடிதான். சாவு மட்டும் சொல்லுக் கேட்கவில்லை. கிழக்குக் கடலில் சாகாதவர்கள் வாழும் தீவுகள் இருக்கு என்று ஷு ஃபு என்பவர் சொல்ல, ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரோடு அவரைக் கப்பலில் அனுப்பினான். அவர் கடைசியில் திரும்பி வரவே இல்லை.

இது வெறும் கதையோ என்று நினைக்கலாம். 2002 இல் ஹுனான் மாகாணத்தில் ஒரு பழைய கிணற்றுக்குள் சின் காலத்து எழுத்துச் சட்டங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. சாகா மருந்தைத் தேடும்படி ஊர் ஊராகப் போன அரச கட்டளையும் அதற்கு வந்த பதில்களும் அவற்றில் இருக்கின்றன. ஒரு ஊர் அதிகாரிகள், இன்னும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்ற கருத்தில் பதில் எழுதியிருக்கினம். பாவம், வேறென்ன எழுதுவது?

கி.மு. 210 இல், 49 வயதில், பயணத்தின் நடுவே பேரரசன் செத்துப்போனான். கூட வந்த அமைச்சர்கள் செய்தியை மறைத்தார்கள். கோடை வெயிலில் பிணம் நாறத் தொடங்க, அந்த மணம் தெரியாமலிருக்க உப்பு மீன் ஏற்றிய வண்டிகளைச் சேர்த்து அனுப்பினார்கள் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் சிமா சியென். சில வருஷத்திலேயே அவன் கட்டிய அரசும் விழுந்தது.

தேடல் மட்டும் நிற்கவில்லை. தாங் வம்சத்து அரசர்கள் பாதரசம் கலந்த மருந்துகளைச் சாப்பிட்டார்கள். முட்டாள்தனம் என்று சிரிக்க வேண்டாம், அதிலும் ஒரு தர்க்கம் இருந்தது. செக்கச்சிவந்த சாதிலிங்கக் கல்லைச் சூடாக்கினால் வெள்ளி போன்ற பாதரசம் ஓடிவருகிறது. தங்கம் எத்தனை காலம் போனாலும் துருப்பிடிக்காது. அப்படியானவற்றை உண்டால் உடம்பும் கெடாது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடு மருந்து சாப்பிட்ட பேரரசர் வூட்சோங் 846 இல் செத்தபோது வயது 31தான்.

இதே மருந்துக்கூடங்களில் இன்னொன்றும் நடந்தது. கந்தகம், மனோசிலை, வெடியுப்பு, தேன் எல்லாவற்றையும் ஒன்றாகச் சூடாக்கிய சிலருக்குக் கையும் முகமும் எரிந்து, வீடே பற்றியது என்று 9ஆம் நூற்றாண்டளவிலான ஒரு நூல் எச்சரிக்கிறது. 1044 இல் வந்த சீனப் போர்நூலில் அந்தக் கலவை ஆயுதமாகிவிட்டது. சீனத்தில் அதன் பெயர் 'தீ மருந்து'. தமிழிலும் நாங்கள் வெடிமருந்து என்றுதானே சொல்கிறோம்? சாகாமல் இருக்கத் தேடின மருந்து என்ன செய்யும் என்று எங்கட ஊரில் ஆருக்கும் விளக்கத் தேவையில்லை.

அப்போ ஆயுள் உண்மையிலேயே கூடினது எப்படி? அதே சீனாவில், 16ஆம் நூற்றாண்டிலேயே பெரியம்மைப் பொருக்கைப் பொடியாக்கி மூக்கில் ஊதி அந்த நோயைத் தடுக்கப் பழகியிருந்தார்கள். பிறகு இங்கிலாந்தில் தடுப்பூசி வந்தது. 1980 இல் பெரியம்மை உலகிலேயே இல்லை என்று அறிவித்தார்கள். இது அரண்மனைக்குள் ஒருவருக்கு மட்டும் கொடுத்து நடந்த காரியமில்லை. கடைசிக் குடிசை வரைக்கும் போய் நோயை மறித்தபடியால்தான் முடிந்தது.

இன்றைக்கும் பெரும் பணக்காரர்கள் முதுமையை நிறுத்தக் காசைக் கொட்டுகிறார்கள். சாவுக்குப் பயப்படுவது பிழையில்லை, எங்களுக்கும் அந்தப் பயம் இருக்கு. ஆனால் ஒரு மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டால் முதலில் ஒன்றைக் கேட்டுப் பழகுவோம்: இது ஆருக்கு?